ஒரு வெயில், இரு விளைச்சல்

மட்டாஞ்சேரிக்கு முதன்முறையாக வருபவர் இந்த ஊரைக் கண்ணால் காண்பதற்கு முன் மூக்கால் அறிவார். பஜார் சாலையின் பழைய கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் ஏலமும் கலந்த மணம் தெருவரை வந்து நிற்கும். கொங்கணியும் குஜராத்தியும் மலையாளமும் தமிழும் ஒரே சந்தில் கேட்கும் ஊர் இது. பல தலைமுறைகளாக இங்கேயே வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இங்குள்ள வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வந்த எனக்கு, கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பணி வழியாகவே நறுமணப் பயிர்களைப் பற்றிய அறிவு வாய்த்தது.

கிடங்கு ஒன்றில் இருப்புச் சரக்கைச் சரிபார்க்கச் சென்றபோது, மூத்த வியாபாரி ஒருவர் சொன்ன செய்தி இன்றும் நினைவில் நிற்கிறது. "சார், இங்கே அடுக்கியிருக்கிற மூட்டைகளில் முழு வெயிலில் விளைந்த சரக்கு குறைவு. ஏலம் காட்டு மரங்களின் நிழலில் வளரும். மிளகு மரத்தைப் பற்றி ஏறும். இஞ்சியும் மஞ்சளும் தென்னைக்கு அடியில் விளையும். வெயிலில் காய்வது அறுவடைக்குப் பிறகுதான்" என்றார் அவர். வணிகவியல் படித்த எனக்கு அது ஒரு சுவையான தகவலாக மட்டுமே அன்று பட்டது. அதன் முழுப் பொருள் விளங்கியது, ஊரிலிருந்து என் அண்ணன் தொலைபேசியில் அழைத்த நாளில்தான்.

நான்கு ஏக்கரும் ஒரு குத்தகைப் பத்திரமும்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்களுக்கு நான்கு ஏக்கர் கரிசல் நிலம் உண்டு. மானாவாரி. புரட்டாசி மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும் விதைப்போம். நிலத்தை உழுது பயிரிடுபவர் அண்ணன். பட்டாவில் இருவர் பெயரும் இருக்கிறது.

அந்தப் பகுதியில் சூரிய மின்நிலையம் அமைக்க விரும்பிய ஒரு நிறுவனத்தின் முகவர் அண்ணனைச் சந்தித்திருந்தார். ஏக்கருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு, 28 ஆண்டுக் குத்தகை. பத்திரம் தயாராக இருந்தது. என் கையெழுத்து ஒன்றே பாக்கி.

"தம்பி, மழை பொய்ச்சாலும் பணம் வந்துருங்கான். அதுல தப்பு ஒண்ணும் தெரியல. ஆனா வேலி போட்டுட்டா நான் உள்ளே போக முடியாதாம். ஐம்பத்து மூணு வயசுல நான் வேற என்ன வேலைக்குப் போவேன்?" என்று கேட்டார் அண்ணன்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடியாக விடை இல்லை. கணக்குப் போடுவது மட்டும் எனக்குத் தெரிந்த தொழில் என்பதால் அதைச் செய்தேன். 30,000 ரூபாய், ஒன்பது முறை 5 சதவீதம் உயர்ந்தால், 28-ஆவது ஆண்டில் ஏறத்தாழ 46,500 ரூபாய் ஆகும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்வதாக வைத்துக்கொண்டால், அன்றைய 46,500 ரூபாயின் வாங்கும் சக்தி இன்றைய 12,500 ரூபாய்க்குத்தான் சமம். குத்தகை உயர்வது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. விலைவாசி உயர்வதோ ஆண்டுதோறும். இதைச் சொன்னபோது அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மின்சாரமும் வேணும், வெள்ளாமையும் வேணும்னா வழியே கிடையாதா?" என்றார்.

வழி இருக்கிறது என்பதற்குச் சான்று, நான் பணிபுரியும் கிளையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது.

நெடும்பாசேரியில் விளையும் காய்கறி

கொச்சி பன்னாட்டு விமான நிலையம் அரசும் தனியாரும் இணைந்து உருவாக்கிய இந்தியாவின் முதல் விமான நிலையம். 1999-இல் செயல்படத் தொடங்கியது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஆயிரக்கணக்கானோர் பங்குதாரர்களாகச் சேர்ந்து முதலீட்டைப் பகிர்ந்துகொண்டதால் எழுந்த நிறுவனம் அது. 2013-இல், வருகை முனையத்தின் கூரைமீது 100 கிலோவாட் திறனில் சோதனையாகச் சூரியமின் பலகைகளைப் பொருத்தினார்கள். அது பலன் தரவே, சரக்கு முனையத்தை ஒட்டிய 45 ஏக்கர் நிலத்தில் 46,150 பலகைகளை நிறுவினார்கள். 12 மெகாவாட் திறன் கொண்ட அந்த மின்நிலையம் 2015 ஆகஸ்ட் 18 அன்று தொடங்கப்பட்டபோது, முழுக்கச் சூரிய ஆற்றலால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் கொச்சிக்குக் கிடைத்தது. 2018-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு தன் மிக உயரிய விருதான 'பூமியின் நாயகர்' விருதை அதற்கு வழங்கியது.

வங்கியில் பணிபுரியும் என்னை அத்திட்டத்தில் மிகவும் கவர்ந்தது வேறொன்று. பகலில் உற்பத்தியாகும் உபரி மின்சாரத்தைச் சேமிக்க அங்கே மின்கலங்கள் வைக்கவில்லை. கேரள மாநில மின்வாரியத்தின் கட்டமைப்பில் பகலில் 'வரவு' வைத்து, இரவில் 'பற்று' எழுதி எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு 'மின்சார வங்கி முறை' என்றே பெயர்.

மின்நிலையம் தொடங்கிய பின் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. கேரளத்து மழையில் பலகைகளுக்கு இடையிலும் அடியிலும் களை மண்டியது. பலகைகளில் படியும் தூசியைக் கழுவ நீரும் தேவைப்பட்டது. களை முளைக்கும் மண்ணில் காய்கறி முளைக்காதா என்று யோசித்து, இயற்கை முறையில் பயிரிடத் தொடங்கினார்கள். பலகையைக் கழுவிய நீர் வீணாகாமல் பயிருக்குப் பாய்ந்தது. பயிர் மூடிய மண்ணில் களை குறைந்தது. பயிர்கள் வெளியிடும் ஈரத்தால் பலகைகளின் அடிப்பகுதியும் சற்றுக் குளிர்ந்தது. சேனை, பயற்றங்காய், முருங்கை, மஞ்சள், முட்டைக்கோசு, பச்சை மிளகாய் எனப் பல பயிர்கள் அங்கே விளைந்துள்ளன. 2022-இல் இந்தச் சாகுபடிப் பரப்பு 20 ஏக்கராக விரிவாக்கப்பட்டது.

அண்ணனை இரயிலில் வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துச் சென்றேன். பாதுகாப்புப் பகுதி என்பதால் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். நான் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பலகை தாழ்வா இருக்கு. டிராக்டர் போகாது. எல்லாம் கைவேலைதான். காய்கறிக்குச் சரி. நம்ம உளுந்துக்கு இன்னும் உயரம் வேணும்" என்றார். திட்ட அறிக்கைகள் பலவற்றைப் படித்திருந்த எனக்கு அந்த ஒரு வரி அவற்றில் அகப்படவில்லை.

பயிருக்கு எவ்வளவு வெயில் தேவை?

பயிருக்கு வெயில் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது என்பது நம் பொதுவான எண்ணம். தாவர இயல் அவ்வாறு சொல்வதில்லை. நண்பகலில் கொட்டும் ஒளி முழுவதையும் பெரும்பாலான பயிர்களால் பயன்படுத்த இயலாது. நெல், கோதுமை, பயறு வகைகள், காய்கறிகள், கிழங்குகள் போன்றவற்றின் இலை, உச்சி வெயிலின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான ஒளியிலேயே ஒளிச்சேர்க்கையின் உச்சத்தை எட்டிவிடும். எஞ்சிய ஒளி இலையைச் சூடாக்கி, அதிலுள்ள நீரை ஆவியாக்கவே பெரிதும் செலவாகிறது. மக்காச்சோளம், சோளம், கரும்பு ஆகியவை இதற்கு விலக்கு. அவை முழு வெயிலையும் பயன்படுத்திக்கொள்ளும் இனம். நிழல் அவற்றின் விளைச்சலைக் குறைத்துவிடும்.

கேரளத்து வீட்டுத் தோட்டங்கள் இந்த அறிவை நெடுங்காலமாகவே நடைமுறையில் வைத்திருக்கின்றன. 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தென்னை, அதில் ஏறும் மிளகுக்கொடி, நடுவில் சாதிக்காய் அல்லது கோக்கோ, அதற்கும் கீழே வாழை, தரைமட்டத்தில் இஞ்சியும் மஞ்சளும் என ஒரே வெயிலை நான்கைந்து தளங்களில் பங்கிடும் தோட்டம் அது. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இந்தப் பல்லடுக்குச் சாகுபடியை முறைப்படுத்திப் பரப்பியது. தென்னையின் இடத்தில் ஒரு சூரியமின் பலகையை நிறுத்திப் பாருங்கள். கிடங்கில் அந்த வியாபாரி சொன்னதன் பொருள் அப்போது எனக்கு விளங்கியது.

இந்த எண்ணத்தை அறிவியல் உலகில் முதலில் எழுத்தில் வைத்தவர்கள் ஜெர்மனியின் அடால்ஃப் கோட்ஸ்பெர்கரும் அர்மின் சாஸ்ட்ரோவும். 1982-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பலகைகளை உயர்த்தி இடைவெளி விட்டு அமைத்தால் அடியில் பயிரிடலாம் என்றது. சூரியமின் பலகைகள் மிகுந்த விலை விற்ற காலம் அது. 2000-ஆவது ஆண்டுக்குப் பின் ஜப்பானில் அகிரா நாகாஷிமா என்பவர் 'சூரியப் பகிர்வு' என்ற பெயரில் இதை வயலில் செய்து காட்டினார்.

ஒளியைப் பங்கிடும் பலகைகள்

சாதாரணப் பலகை ஒளியை முழுவதும் மறைக்கும். அதைக் கொண்டு பங்கீடு செய்ய வேண்டுமானால், பலகைகளுக்கு இடையே வெற்றிடம் விட வேண்டும். அப்போது நிலத்தில் விழும் நிழல் பட்டை பட்டையாக நகரும். ஒரு செடிக்கு ஒரு மணி நேரம் முழு வெயில், அடுத்த மணி நேரம் முழு நிழல் என்ற நிலை ஏற்படும்.

பகுதியளவு ஒளிபுகும் பலகைகள் இதைச் சீராக்குகின்றன. இவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். முதல் வகையில், இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சிலிக்கான் சில்லுகளை நெருக்கமாக அடுக்காமல் இடைவெளி விட்டுப் பதிப்பார்கள். இடைவெளி வழியே ஒளி கீழிறங்கும். சில்லுகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் நிழலின் அளவை முடிவு செய்யலாம். இன்று வயலுக்கு மிகவும் நெருக்கமாக வந்திருப்பது இவ்வகையே. இரண்டாம் வகை, மெல்லிய படலப் பலகைகள். கண்ணாடிமீது பூசிய மின்படலத்தில் லேசர் கதிரால் நுண்ணிய கோடுகளைச் சுரண்டி, ஒளிக்கு வழிவிடுவார்கள்.

மூன்றாம் வகை சற்று நுட்பமானது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவது 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளி. அதிலும் நீலத்தையும் சிவப்பையும் பச்சையம் விரும்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால்தான் இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. ஆகவே, செடிக்கு அதிகம் தேவைப்படும் நிறங்களைக் கீழே விட்டு, தேவை குறைந்த நிறங்களையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களையும் மின்சாரமாக மாற்றும் பலகைகளை உருவாக்க ஆய்வுகள் நடக்கின்றன. செம்மஞ்சள் நிறமுடைய ஒளிபுகு பலகைகளின் கீழ் துளசி இனச் செடியையும் பசலைக் கீரையையும் வளர்த்த ஓர் ஐரோப்பிய ஆய்வு 2020-இல் வெளியானது. இரண்டின் எடையும் குறைந்தது. ஆனால் புரதத்தின் அளவு கூடியது. மின்சார வருவாயையும் சேர்த்துப் பார்த்தபோது நிலத்தின் மொத்த வருவாய் உயர்வதாக அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒளியைக் கீழே விடும் பலகை அந்த அளவுக்குக் குறைவாகவே மின்சாரம் தரும். விலையும் சாதாரணப் பலகையைவிட அதிகம். வெயில் என்னும் ஒரே மூலதனத்தை இரு கணக்குகளில் பிரித்து வைக்கிறோம். இரண்டிலும் முழு வட்டி கிடைக்காது. இரண்டையும் கூட்டினால் கிடைப்பது தனித்தனியே கிடைப்பதைவிட அதிகமா என்பதே கேள்வி.

எண்கள் சொல்லும் செய்தி

இக்கேள்விக்கு ஜெர்மனியின் ஹெகல்பாக் பண்ணையில் விடை தேடினார்கள். ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2016-இல் அங்கே 194 கிலோவாட் அமைப்பை, அறுவடை இயந்திரம் அடியில் செல்லும்படி 5 மீட்டர் உயரத்தில் நிறுவியது. முதல் ஆண்டில் பயிர் விளைச்சல் ஓரளவு குறைந்தது. ஆனால் பயிரையும் மின்சாரத்தையும் கூட்டினால் நிலத்தின் பயன் 160 சதவீதம். அதாவது, அதே பயனைத் தனித்தனியாகப் பெற ஒரு ஏக்கருக்குப் பதில் 1.6 ஏக்கர் வேண்டும். வறட்சியும் வெப்பமும் மிகுந்த 2018-இல் இது 186 சதவீதமாக உயர்ந்தது. அந்த ஆண்டு, உருளைக்கிழங்கு வெட்டவெளியில் விளைந்ததைவிடப் பலகையின் கீழ் அதிகம் விளைந்தது.

அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. பலகையின் நிழலில் ஒருவகைச் சிறு மிளகாய் மூன்று மடங்கும், தக்காளி இரு மடங்கும் காய்த்தன. வெறும் தரைமீது நின்ற பலகைகளைவிடப் பயிரின்மேல் நின்ற பலகைகள் பகலில் சுமார் 9 பாகை செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தன. சிலிக்கான் பலகை ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறக்குறைய 0.4 சதவீத உற்பத்தியை இழக்கும். அந்த அளவில் பயிரும் பலகைக்கு உதவி செய்கிறது.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி உண்டு. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிலையம் 105 கிலோவாட் அமைப்பை நிறுவி, பாசிப்பயறு, நரிப்பயறு, கொத்தவரை, சீரகம் போன்ற குட்டையான பயிர்களைப் பலகைகளுக்கு இடையே சோதித்தது. பலகைமீது விழும் மழைநீரை வழித்துத் தொட்டியில் சேர்த்து, அதையே பலகையைக் கழுவவும் பயிருக்குப் பாய்ச்சவும் வகை செய்தது. 'பாசிப்பயறு' என்ற சொல்லைக் கேட்டவுடன் அண்ணனின் முகம் மலர்ந்தது.

இந்த நன்மை எல்லா இடத்துக்கும் எல்லாப் பருவத்துக்கும் பொருந்தாது. மேகமூட்டம் நிறைந்த தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளத்தில் ஒளியே குறைவு. அப்போது கூடுதல் நிழல் பயிருக்குத் தீங்கு. வெயிலும் வறட்சியும் மிகுந்த நிலத்தில்தான் நிழலுக்கு மதிப்பு அதிகம். உயர்ந்த தூண்களுக்கு எஃகுச் செலவும் அதிகம். காற்றின் வேகத்தைத் தாங்க அடித்தளம் வலுவாக வேண்டும். கொச்சி போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் துத்தநாகப் பூச்சும் பராமரிப்பும் இன்றியமையாதவை.

வங்கியாளரின் மேசையிலிருந்து

ஒரு மெகாவாட் மின்நிலையத்துக்கு ஏறத்தாழ நான்கு ஏக்கர் வேண்டும். கொச்சியில் 12 மெகாவாட்டுக்கு 45 ஏக்கர். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையத்துக்குச் சுமார் 2,500 ஏக்கர். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் விடை நான்கை ஒட்டியே வரும். நாட்டின் மின்தேவை வளரும்போது இந்த நான்கு ஏக்கர்கள் எங்கிருந்து வரும் என்பது சிறு விவசாயியின் வாசலில் வந்து நிற்கும் கேள்வி.

2019-இல் தொடங்கிய மத்திய அரசின் 'பி.எம். குசும்' திட்டத்தின் முதல் பிரிவு, 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான மின்நிலையங்களை விவசாயியோ விவசாயிகளின் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ அமைக்க வழி செய்தது. தரிசு நிலத்தோடு, விளைநிலத்திலும் தூண்கள்மீது உயர்த்தி, அடியில் சாகுபடி தொடரும் வகையில் அமைக்கலாம் என்று அத்திட்டமே கூறுகிறது. துணைமின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உள்ள நிலத்துக்கு முன்னுரிமை. 2024 ஆகஸ்டில், இப்பிரிவை வேளாண் உள்கட்டமைப்பு நிதியோடு இணைக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்நிதியின்கீழ் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு, ஏழு ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. விவசாயி தன் நிலத்தில் தூண்கள்மீது அமைக்கும் சூரியமின் நிலையத்துக்கான கடனை இந்திய ரிசர்வ் வங்கி 2020 முதல் முன்னுரிமைத் துறைக் கடனாகவும் ஏற்றுக்கொண்டுள்ளது. திட்டங்களின் காலவரம்பும் விதிகளும் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

நிலத்தை முழுவதும் குத்தகைக்கு விடும்போது, பலரும் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு. பயிர் இல்லாத நிலத்துக்குப் பயிர்க்கடன் இல்லை. உரிய நாளில் திருப்பிச் செலுத்தினால் 4 சதவீத வட்டியில் கிடைக்கும் உழவர் கடன் அட்டை வசதியும், பயிர்க் காப்பீடும் அந்நிலத்துக்கு நின்றுவிடும். மின்உற்பத்திக்காகப் பெறும் குத்தகைப் பணம் வேளாண் வருமானமும் ஆகாது. எனவே வருமானவரிக் கணக்கில் அது வேறு தலைப்பில் வரும். இவற்றை முகவர் சொல்லமாட்டார். சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

கையெழுத்திடுவதற்கு முன் நம் வாடிக்கையாளர்கள் கேட்க வேண்டிய கேள்விகளை இங்கே தருகிறேன்.

1. பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கும்? வரிசைகளுக்கு இடையே எத்தனை அடி? உங்கள் உழவுக் கருவி அதனுள் திரும்புமா?

2. அடியில் பயிரிடும் உரிமை யாருக்கு? எந்த நேரத்திலும் வேலிக்குள் சென்றுவரும் உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டுள்ளதா?

3. பயிர் விளைச்சலுக்குக் குறைந்தபட்ச அளவு ஏதேனும் உண்டா? ஜப்பானில், பலகையின் கீழ் விளைச்சல் வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் 2013-இல் அனுமதி அளித்தார்கள்.

4. குத்தகை உயர்வு விலைவாசியோடு ஈடுகொடுக்கிறதா? கடைசி ஆண்டுத் தொகையை இன்றைய மதிப்பில் கணக்கிட்டுப் பார்த்தீர்களா?

5. நிலத்தின்மீது ஏற்கெனவே கடன் இருந்தால் வங்கியின் இசைவு பெறப்பட்டுள்ளதா? நிறுவனம் அந்தக் குத்தகை உரிமையை வைத்து வேறிடத்தில் கடன் வாங்கினால் உங்கள் பட்டாவுக்குப் பாதிப்பு வருமா?

6. காலம் முடிந்ததும் தூண்களையும் கான்கிரீட் அடித்தளங்களையும் அகற்றி மண்ணைப் பழையபடி ஒப்படைக்கும் பொறுப்பும் செலவும் யாருடையவை?

புரட்டாசி மழை

இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். முதல் இரண்டையும் கேட்டவுடனே முகவர், "எங்க வடிவமைப்பு மாறாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு மாதம் கழித்து அவரே திரும்பி வந்தார். நான்கு ஏக்கரில் ஓர் ஏக்கரில் மட்டும், பலகைகளை உயர்த்தி வரிசை இடைவெளியைக் கூட்டி அமைக்க முடியுமா என்று தம் பொறியாளர்களிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம். உயர்த்தி அமைத்தால் செலவு கூடும். அதற்கு ஈடாகக் குத்தகைத் தொகையைக் குறைக்கக் கேட்பார்கள். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மழையைவிட வெயிலே நம்பகமான விளைச்சல் என்பதை அண்ணன் நன்றாக அறிவார். அந்த விளைச்சலில் தமக்கும் ஒரு பங்கு வேண்டும், அதற்காகத் தம் தொழிலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதே அவர் கேட்பது. நெடும்பாசேரியின் வேலியோரத்தில் நின்றபோது, அது பேராசை அன்று என்று எனக்குத் தெளிவாயிற்று.

சென்ற வாரம் அண்ணன் அழைத்தார். நல்ல மழையாம். நான்கு ஏக்கரிலும் உளுந்து விதைத்துவிட்டார். "பத்திரம் எப்ப வந்தாலும் வரட்டும், தம்பி. ஈரம் காத்திருக்காது" என்றார். மட்டாஞ்சேரியிலும் அன்று மழை. வெளி முற்றத்தில் காயப் போட்டிருந்த இஞ்சியை அவசரமாக வாரி உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணம் என் மேசைவரை வந்தது.